மூன்று பச்சை டிக்

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் கவிதா. எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள். கம்பெனிக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். பழைய ஃபைல்களைக் கிளறியபோது, காலமாகிவிட்ட எங்கள் மேனேஜர் ரெங்கசாமி கையெழுத்துப் போட்ட ஸ்பானிஷ் கடிதம் ஒன்று கிடைத்ததாம். அதைப் போனில் படம் பிடித்தாளாம். போனே அதைத் தமிழாக்கிக் கொடுத்துவிட்டதாம்.

"படிச்சிட்டு எல்லாரும் அசந்துட்டோம் மேடம். இம்புட்டு நேர்மையான மனுசனா இருந்திருக்காக! அவுக போட்டோவுக்குக் கீழ அந்த லெட்டரைப் போடப் போறோம். நீங்க அவுகளப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க. பொறவு, அதுல மூணு எடத்துல பச்சை மையில டிக் அடிச்சிருக்கே, அது என்னது மேடம்?"

எனக்கு வந்த எரிச்சலில் போனை வைத்துவிட்டேன். பிறகு நானே கூப்பிட்டு, எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அந்தப் பெண்ணைக் கோபித்து என்ன பயன், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பக்கம் போதாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

என் பெயர் ஸ்டெல்லா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தொன்பது வருஷம் ஸ்பானிஷ் கடிதம் எழுதும் கிளார்க்காக இருந்தேன். இதைச் சொன்னால் கேட்கிறவர் முதலில் சிரிப்பார். அடுத்து, "எங்க, ஏதாச்சும் பேசிக் காட்டுங்க" என்பார். கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். பல் டாக்டர், என் வாய்க்குள் இடுக்கியை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். சொந்தப் பெரியம்மாவின் அடக்கத்துக்குப் போன இடத்தில் கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்து ஒருவர் கேட்டார். ராஜபாளையத்தில் ஸ்பானிஷ் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்லிச் சலித்துவிட்டேன். பெரு நாட்டிலும் கொலம்பியாவிலும் காயம் பட்டால் கட்டுப் போட வேண்டாமா? கட்டுத் துணி நம்மூரில்தானே நெய்கிறார்கள்? வாங்குகிறவர்கள் ஸ்பானிஷில்தானே எழுதுவார்கள்? அவ்வளவுதான் விஷயம்.

அந்த மொழியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கான்வென்ட்டில் வயதான காலத்தில் தங்கியிருந்த ஸ்பெயின் நாட்டுச் சிஸ்டர் ஒருவர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு மூன்று வருஷம் படித்தேன். முதல் இரண்டு வருஷம் சுகமாகப் போயிற்று. மூன்றாவது வருஷத்தில்தான் இந்த 'ஊபியேரா' வந்து சேர்ந்தது. நடந்திருக்க வேண்டும், ஆனால் நடக்கவில்லை; செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் செய்யவில்லை. இப்படிப் போய் முடிந்த காரியத்தைப் பற்றிப் புலம்புவதற்கென்றே ஸ்பானிஷில் தனியாக ஒரு வினைவடிவம் இருக்கிறது. தமிழில் 'தெரிந்திருந்தால்' என்ற ஒரே சொல்லை வைத்து நான், நீ, அவன், ஊர் முழுக்க எல்லாரையும் சமாளித்துவிடலாம். அங்கே ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். நான் என்றால் ஊபியேரா. நீ என்றால் ஊபியேராஸ். அவர் என்றால் மறுபடியும் ஊபியேரா. நாங்கள் என்றால் ஊபியேராமோஸ். நீங்கள் எல்லாரும் என்றால் ஊபியேராயிஸ். அவர்கள் என்றால் ஊபியேரான். இதோடு விட்டார்களா? இந்த ஆறுக்கும் 'ஊபியேஸே' என்று ஆரம்பிக்கிற இன்னொரு வரிசை உண்டு. அர்த்தத்தில் துளி வித்தியாசம் கிடையாது. பிறகு எதற்கு இரண்டு என்று சிஸ்டரிடம் கேட்டேன். "இருக்கிறது, படி" என்றார்.

இதற்குப் பின்னால் வினைச்சொல்லைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதிலும் ஒழுங்காக வருகிறவை உண்டு, சொன்ன பேச்சுக் கேட்காதவை உண்டு. செய், சொல், பார், எழுது, வை, திற, உடை. மனுஷிக்குத் தினமும் வேண்டிய சொற்கள் பூராவும் அந்தக் கேட்காத கூட்டத்தில்தான் இருக்கும். ரோம்பேர் என்றால் உடைப்பது; ஊபியேராவுக்குப் பின்னால் வந்தால் அது ரோத்தோ என்று வேறு ஆளாகிவிடும். கான்வென்ட் தோட்டத்து நடைபாதையைச் சுற்றிச் சுற்றி நடந்து இதை ஒப்பிக்க வேண்டும். தப்பு வந்தால் முதல் சொல்லிலிருந்து மறுபடியும். என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டு, மகள் ஜெபமாலை சொல்கிறாள் என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று உண்டு. 'ஊபியேராயிஸ்' எனக்கு வாயில் நுழைய நாலு மாதம் ஆயிற்று. வேலைக்குச் சேர்ந்து பெருவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் பெருமையாக அதைப் போட்டேன். எங்கள் கண்டத்தில் யாரும் அந்தச் சொல்லை உபயோகிப்பதில்லை என்று பதில் வந்தது. நாலு மாதம்!

இனி ரெங்கசாமி சார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. நீலம், சிவப்பு, பச்சை. அரசாங்கத்தில் பெரிய அதிகாரிகள் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்கள் என்பதால் அவரும் பச்சை வைத்திருந்தார். அவர் கெட்டவர் கிடையாது. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் விசாரிப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் பிடித்த பிடியை விடமாட்டார்.

"ஏம்மா, கம்பெனி லெட்டர்ல பழி நம்ம மேல நிக்கப்படாது. அவன் மேலயும் போடப்படாது, கோவிச்சுக்கிடுவான். பழி அந்தரத்துல நிக்கணும். அம்புட்டுத்தான்."

எங்கள் கடிதம் உருவாகும் முறை இது. வெளிநாட்டிலிருந்து ஃபேக்ஸ் வரும். அதன் பின்பக்கம் பென்சிலால் நான் தமிழில் சுருக்கம் எழுதுவேன். சார் ஜன்னலோரம் போய் நின்று, வெளியே உலர்கிற துணியைப் பார்த்தபடி, தமிழும் இங்கிலீஷும் கலந்து பதில் சொல்வார். நான் கோடு போட்ட தாளில் ஸ்பானிஷில் கைப்பட எழுதி, டைப் அடிப்பேன். அந்த டைப்ரைட்டரில் ஸ்பானிஷ் எழுத்தின் தலைமேல் வரும் கோடுகள் கிடையாது. அவற்றைப் பேனாவால் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். பிறகு சார் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவார். வாசிக்க அவருக்குத் தெரியாதே.

இந்த ஒழுங்கைக் கெடுத்தது நான்தான். கொலம்பியாவிலிருந்து ஒருவர், துணிச் சுருள் ஒவ்வொன்றும் ஒரு சாண் குறைகிறது என்று எழுதியிருந்தார். சார் சொன்னார்: "கொறையுதுன்னும் எழுதாதிய. கொறையலன்னும் எழுதாதிய." வேறு என்னதான் எழுதுவது? எரிச்சலில் ஊபியேராவை எடுத்தேன். 'சுருள்கள் ஈரம் படாத இடத்தில் வைக்கப்பட்டிருந்தால் அளவு சரியாக இருந்திருக்கும்.' யார் கிடங்கு, எந்த ஊர் ஈரம், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதர், தன் கிடங்குக் கூரை மழைக்கு ஒழுகுவது உண்மைதான், மன்னிக்கவும் என்று பதில் எழுதிவிட்டார்.

சாருக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த லெட்டர்ல எந்த வார்த்தைம்மா வேலை பாத்திச்சு?" என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஊபியேரா மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. கடிதத்தைக் கொண்டுபோய் வைத்தால் பச்சைப் பேனாவை எடுத்து, வரி வரியாக அந்த ஒரு சொல்லைத் தேடுவார். கண்ட இடத்தில் ஒரு டிக். ஊபியேராமோஸ் வந்தால், "இது அதோட தம்பி" என்று அதற்கும் ஒரு டிக். குறைந்தது இரண்டு டிக் விழுந்தால்தான் கையெழுத்து. இல்லாவிட்டால், "ஊபியேரா எங்க?" என்று திருப்பித் தந்துவிடுவார். லாரி கிளம்பியது என்று சொல்லும் இரண்டு வரிக் கடிதத்தைக்கூட ஊபியேரா இல்லை என்று திருப்பினார். கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் திருப்பினார். 'நாங்கள் உங்கள் ஊரில் பிறந்திருந்தால் உங்கள் வீட்டுக்கே வந்திருப்போம்' என்று எழுதித் தொலைத்தேன். டிக் போட்டு, கையெழுத்தும் போட்டார்.

அந்த வாழ்த்து போனது பெருவுக்கு, எல்வீரா அம்மாளுக்கு. ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வாங்கி அனுப்பும் நிறுவனத்தில் கொள்முதல் அவர் பொறுப்பு. 'ஊபியேராயிஸ்' எங்கள் பக்கம் கிடையாது என்று திருத்தியவரும் அவர்தான். மேனேஜர் பெயருக்குத்தான் கடிதம் எழுதுவார் என்றாலும், கடைசியில் 'டைப் அடிக்கிறவருக்கு வணக்கம்' என்று ஒரு வரி இருக்கும். பதினோரு வருஷம் அப்படி நடந்தது.

இப்போது பாக்கியம் அக்கா. வன்னியம்பட்டியிலிருந்து வருகிறவர். பேக்கிங் செக்‌ஷன் அவர் பொறுப்பு, பதினாறு வருஷ சர்வீஸ். நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போய்வருவோம். பஸ்ஸில் என்னை "ஏட்டி ஸ்டெல்லா" என்பார், கம்பெனி கேட்டுக்குள் நுழைந்ததும் "மேடம்" என்பார். துணிச் சுருளில் ஒரு தலைமுடி கிடந்தாலும் பெட்டியைப் பிரித்துவிடுகிற ஆள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெருவுக்குப் போக வேண்டிய நாற்பது பெட்டியும் தயாராகிவிட்டன. லீவு முடிந்து இன்ஸ்பெக்‌ஷன்காரர் வந்து சாம்பிள் எடுக்க வேண்டும். அதனால் ஒரு பெட்டியையும் ஒட்டவில்லை. மேல் அட்டையும் உள்ளே பாலிதீன் உறையும் திறந்தபடி, டிஸ்பாட்ச் ஷெட்டில் வரிசையாக இருந்தன. மறுநாள் பூஜை. மெஷின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை, சுண்டல் எல்லாம் ஆயிற்று. எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். கடைசியில் திருஷ்டிப் பூசணிக்காய். உச்சியில் வட்டமாக வெட்டி, உள்ளே குங்குமத்தைத் தண்ணீரோடு குழைத்துக் கொட்டி, மேலே சூடம் ஏற்றிச் சுற்றி உடைப்பார்கள். உடைப்பது வருஷா வருஷம் ரெங்கசாமி சாரின் உரிமை. எப்போதும் வெளி கேட்டில்தான் உடைப்பார். அன்றைக்கு மலைப் பக்கமிருந்து இறங்கிய மழை பிடித்துக்கொண்டது. சார் பூசணிக்காயோடு டிஸ்பாட்ச் ஷெட் வாசலுக்கு வந்தார்.

பாக்கியம் அக்கா ஓடி வந்தார். "சார், பெட்டியெல்லாம் தொறந்து கெடக்கு. செத்த நேரம் பொறுங்க, மழை விட்டிரும். கேட்டுல வச்சு ஒடைங்க."

"சூடம் அணைஞ்சிருமேம்மா. நல்ல நேரம் வேற முடியப் போகுது. தள்ளுங்க."

"அப்ப தார்ப்பாயாச்சும் போட்டு மூடிக்கிடுதேன் சார்."

"ஒரு காய ஒடைக்கதுக்கு எம்புட்டுப் பேச்சு!"

ஓங்கி அடித்தார். சிமென்ட் தரையில் விழுந்த பூசணி, முன் வரிசைப் பெட்டிகள் வரை சிவப்பாகத் தெறித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் பொரியைத் தின்றுகொண்டு அங்கேதான் நின்றேன். பாக்கியம் அக்கா அட்டைகளைத் துடைத்துவிட்டு, முன் வரிசையைப் பிரித்து வேறு துணி வைத்துக் கட்டுகிறேன் என்று கேட்டார். லீவு முடிந்த மறுநாளே லாரி வருகிறது, நேரமில்லை என்றார் சார். இன்ஸ்பெக்‌ஷன்காரர் பின் வரிசையில் சாம்பிள் எடுத்து, நன்றாக இருக்கிறது என்று முத்திரை குத்திவிட்டுப் போனார். நாற்பது பெட்டியும் கப்பலேறின.

கப்பல் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள் காலையில் கூரியரில் சின்னப் பார்சல் வந்தது. உள்ளே ஒரு சுருள் பேண்டேஜ் துணி. சார் மேஜையில் வைத்துப் பிரித்தேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பும் சிவப்புமாகக் கறை, சுற்றிலும் புள்ளி புள்ளியாகத் தெறிப்பு. கட்டுத் துணியில் அதைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். கூடவே எல்வீரா அம்மாளின் கடிதம். பின்பக்கம் சுருக்கம் எழுதாமல், சாருக்கு வாயாலேயே சொன்னேன். இப்படி இருந்தது: 'பதினோரு வருஷமாக உங்கள் இருந்திருந்தால்களைப் படித்துவருகிறேன். இந்தத் தடவை அது வேண்டாம். இது ரத்தமா? ஒருவருக்குக் கட்டிய துணியைத் துவைத்து எங்களுக்கு அனுப்பினீர்களா? என்ன நடந்தது, யார் செய்தது என்று எழுதுங்கள்.'

சார் சுருளை எடுத்து முகர்ந்து பார்த்தார். மஞ்சள் வாசனை எனக்கே அடித்தது. அவருக்கு எல்லாம் அந்த நொடியே தெரிந்துவிட்டது. சுருளை மெல்ல உறைக்குள் போட்டு, ஜன்னலோரம் போய் நின்றார்.

"எழுதுங்கம்மா. பேக்கிங் செய்யிற தொழிலாளி கம்பெனி விதிப்படி நடந்திருந்தா இது நேர்ந்திருக்காது. சம்பந்தப்பட்ட ஆள வேலைய விட்டு நீக்கிட்டோம். பெயர் பாக்கியம்."

"சார், அன்னைக்குப் பூசணிக்காய்..."

"பூசணிக்காயின்னு எழுதினா சிரிப்பாகம்மா. மொதலாளி மொகத்துல நான் எப்படி முழிக்கது?"

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. நீங்கள்தானே சார் உடைத்தீர்கள், அந்த அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொன்னார்களே, நான் பார்த்தேனே. வந்ததை விழுங்கிவிட்டேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அக்காவைக் கூப்பிட்டு, சொல்லி அனுப்பும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ரத்தக் கறை பட்ட துணியைப் பேக் பண்ணினவள் என்று பெயர் கட்டிவிட்டால் அக்காவை எங்கள் பக்கத்தில் எந்த பேண்டேஜ் கம்பெனியும் வாசலில் சேர்க்காது. அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மறுநாள் காலை அதே பஸ்ஸில் வந்தார். கேட்டில் வாட்ச்மேன் விடவில்லை. சாயங்காலம் வரை வெளியே நின்றார். மூன்று நாள் அப்படி நின்றார். நாலாவது நாளிலிருந்து பஸ்ஸில் காணோம்.

அந்த மூன்று நாளும் நான் பேப்பரைக் கசக்கிக்கொண்டிருந்தேன். சார் சொன்னபடி எழுத என்னால் முடியவில்லை. கடைசியில் ஊபியேரா ஒன்றுகூட இல்லாமல் ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் ஊரில் கருவிகளுக்கு ஒரு பண்டிகை உண்டு. அன்று பூசணிக்காய்க்குள் குங்குமத்தைக் கரைத்து உடைப்போம். குங்குமம் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. மழை என்பதால் உங்கள் பெட்டிகள் திறந்திருந்த இடத்திலேயே உடைத்தோம். உடைத்தது நான்தான், மேனேஜர். உங்களுக்கு வந்தது ரத்தம் இல்லை, எங்கள் அஜாக்கிரதை. கறை பட்ட பெட்டிகளுக்கு மாற்று அனுப்புகிறோம்.

இதை அப்படியே கொண்டுபோனால் "ஊபியேரா எங்க?" என்று திருப்பித் தருவார். மாற்றச் சொல்லி, வேறு ஆளிடம் காட்டினாலும் காட்டுவார். அதனால் கடைசியில் மூன்று வாக்கியம் சேர்த்தேன். எங்கள் பேக்கிங் பொறுப்பாளர் பாக்கியம் அம்மாள் தடுத்தபோதே நான் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. அவர் கேட்டபடி அந்தப் பெட்டிகளைப் பிரித்துக் கட்ட விட்டிருந்தால் இந்தத் துணி உங்களிடம் வந்திருக்காது. அங்கே நின்றவர்களில் வேறு ஒருவராவது வாய் திறந்திருந்தால் நான் கையை இறக்கியிருப்பேன்.

சார் பச்சைப் பேனாவை எடுத்தார். முதல் பக்கம் முழுக்கத் தேடினார். "ஒண்ணையும் காணோமே" என்றார். பக்கத்தைத் திருப்பினார். டிக். டிக். டிக்.

"பாக்கியம் பேரு வந்திருக்குல்லா?"

"வந்திருக்கு சார்."

கையெழுத்துப் போட்டார். நான் நேரே போய் ஃபேக்ஸில் விட்டேன். இயந்திரம் தாளை இழுத்து முடிக்கிற வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை போனால் போகட்டும் என்று தைரியமாகச் செய்தேன் என்று இப்போது சொன்னால் அது பொய். எனக்குப் பயமாக இருந்தது.

பதில் வர நாள் பிடித்தது. வந்தபோது அது ஸ்பானிஷில் வரவில்லை, இங்கிலீஷில் வந்தது. எனக்கோ சாருக்கோ வரவில்லை, முதலாளி பெயருக்கே வந்தது. எத்தனையோ நாட்டுக் கம்பெனிகளிடம் சரக்கு வாங்குகிறேன், தப்பு என்னுடையது என்று ஒரு மேனேஜர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று எல்வீரா அம்மாள் எழுதியிருந்தார். அடுத்த ஆர்டரும் உங்களுக்கே. அந்தக் காயை மட்டும் இனிமேல் தெருவில் வைத்து உடையுங்கள். பாக்கியம் அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

முதலாளி அந்தக் கடிதத்தோடு ஆபீஸுக்கே வந்துவிட்டார். எல்லாரையும் கூட்டி வைத்து வாசித்தார். "ரெங்கசாமி, நீரு பெரிய மனுசன்யா" என்று சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். சார் என்னைப் பார்த்தார். முதலாளி போன பிறகு ஃபைலோடு கூப்பிட்டார்.

"நான் கையெழுத்துப் போட்டதுல என்ன எழுதியிருக்கு? ஒரு வரி விடாம தமிழ்ல வாசிங்க."

வாசித்தேன். மூன்று டிக் அடித்த இடம் வரைக்கும் வாசித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"முன்னக்கூட்டியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பியளா சார்?"

"மாட்டேன்" என்றார். பிறகு, "அந்தம்மாவ நாளையிலருந்து வரச் சொல்லுங்க" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வருஷம் ஆயுத பூஜையன்றும் மழை பெய்தது. சார் நனைந்துகொண்டே கேட்டுக்குப் போனார். சூடம் நாலு தடவை அணைந்தது.

டிக் அடிப்பதை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு கடிதத்தையும் வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து என்று ஆக்கிவிட்டார். அவர் ரிட்டயர் ஆகும் வரை அப்படித்தான். என் வேலை இரண்டு மடங்கானது. அதற்கும் அலுத்துக்கொண்டேன்.

கவிதா கேட்ட டிக்கின் கதை இதுதான். இதோடு நிறுத்தினால் ரெங்கசாமி சாரின் போட்டோவை எடுத்துவிட்டு என் போட்டோவைப் போடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் மிதப்பாக இருந்தது. சாயங்காலம் வன்னியம்பட்டிக்குப் போய், நடந்ததை எல்லாம் அக்காவிடம் அளந்தேன். எப்படி எழுதினேன், எப்படி டிக் வாங்கினேன், முதலாளி எப்படி வாசித்தார். அக்கா சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கடைசி வரை கேட்டார்.

"ஏட்டி, நான் கேட்டுக்கு வெளிய மூணு நா நின்னேன்லா. நீ பஸ்ஸ விட்டு எறங்கி, என்னையப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போனேல்லா?"

"ஆமாக்கா."

"பத்தொன்பது நா வீட்டுல கெடந்தேன். ஊருல எல்லாரும் என்ன தப்புப் பண்ணினேன்னு கேட்டாக. யாருக்கும் தெரியாத பாசையில, யாரோ ஒரு பொம்பளைக்கு எம்புட்டு வெவரமா எழுதியிருக்க! நம்ம பாசையில, அந்த மனுசன் மொகத்தப் பாத்து, 'ஒடைச்சது நீங்கதான் சார்'னு நாலு வார்த்தை. நீ சொல்லலையேட்டி."

அக்கா சுளகை எடுத்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்தார். மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார். ஆனால் நான் அவருக்காகப் பேசினேன் என்று அவர் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை. பேசவில்லை என்பதுதான் அவர் கணக்கு. எனக்கும் இப்போது அப்படித்தான் படுகிறது. வேலை போய்விடும் என்ற பயத்தில் எல்லாருக்கும் கேட்கிற மொழியில் வாயை மூடிக்கொண்டு, யாருக்கும் கேட்காத மொழியில் வீரம் காட்டினேன். 'வேறு ஒருவராவது வாய் திறந்திருந்தால்' என்று மூன்றாவது டிக் விழுந்த அந்த வாக்கியத்தை நான் என்னைப் பற்றித்தான் எழுதினேன், சாரின் கையெழுத்துக்கு மேலே.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். இப்போதும் வெயிலில் குடை பிடிக்காமல்தான் நடக்கிறார். கம்பெனி மலருக்கு எழுதப் போகிறேன், உங்கள் பெயரையும் போடப் போகிறேன், சம்மதமா என்று கேட்டேன். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"எழுது. இந்தத் தடவையாச்சும் தமிழ்ல எழுது."